சாக்கில் கட்டிய அமானிதம்

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் ஒரு குடும்பத்துக்கு பேமிலி விசா வந்துவிட்டால் நகையை லாக்கரில் வைப்பார்கள், ஆட்டை மச்சானிடம் ஓட்டிவிடுவார்கள், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள். எல்லாம் முடிந்து ஏர்போர்ட் போகிற வேன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் பூனை ஞாபகம் வரும். பூனைக்கு விசா கிடையாது. பிள்ளைகள் அழ ஆரம்பிக்கும். உடனே கூட்டத்தில் யாராவது ஒருத்தர் சொல்வார்: “ஹஃபீசா வூட்டுல விட்டுட்டுப் போங்களேன்.”

அப்படித்தான் ஒன்று ஒன்றாகச் சேர்ந்தன. ஹஃபீசா அக்கா எனக்குச் சொந்தம் கிடையாது, ஒரே தெருக்காரர். அவர் வீடு வெள்ளாற்றுப் பக்கம், தெருவின் கடைசியில். கணவர் பீர் முகமது ரியாத்தில் மளிகைக் கடை வேலை. லீவு கிடைத்தால் வருவார், பெட்டியைப் பிரித்து சென்ட்டும் பிஸ்தாவும் கொடுப்பார், கிளம்பிவிடுவார். பிள்ளை இல்லை. “பிள்ளை இல்லாதவ பூனைய வச்சு ஆறுதல் தேடுறா” என்று ஊர் பேசியது. இப்படிப் பேசியவர்கள்தான் விசா வந்ததும் முதல் ஆளாகப் பூனையைத் தூக்கிக்கொண்டு அக்கா வாசலில் நின்றார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பாலும் தேனும் வழியும்.

அக்கா ஒருநாளும் “வளர்க்கிறேன்” என்று சொன்னதில்லை. “அமானிதம்” என்பார். நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கிற அன்றைக்குக் கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுக்கவேண்டும், தவறினால் மறுமையில் பதில் சொல்லவேண்டும். எங்களில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் நாங்கள் அந்த வார்த்தையை நகைக்கும் நிலத்துக்கும் வைத்திருந்தோம். அக்கா பூனைக்கும் அதையே சொன்னார்.

நான் பஜாரில் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தேன். பெயர் அம்மார். பூனை முடி பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது, அதனால் அக்கா வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் அக்கா பூத்துக்கு வந்துவிடுவார். ஜும்ஆ முடிந்ததும் குவைத்திலிருந்து அப்துல் ஹாதியின் போன் வரும். அவர் மகள் அஸ்ரினின் பூனைதான் பட்டு. பாதி முகம் கறுப்பு, மீதியெல்லாம் வெள்ளை. மூன்றாவது படிக்கும்போது அந்தப் பிள்ளையைப் பூனையிடமிருந்து பிய்த்துத்தான் வேனில் ஏற்றினார்கள். அத்தா பேசி முடிப்பதற்குள் போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

“பெரியம்மா, பட்டு என்னா சாப்ட்டுச்சு?”

“காலைல பாலு, மதியம் மத்தி மீனு. முள்ள எடுத்துட்டுத்தான் குடுத்தேன்.”

“என்னையத் தேடுச்சா?”

“தேடாம? உன் பாவாடைய விரிச்சாத்தான் அதுக்குத் தூக்கமே.”

கலெக்டரிடம் அறிக்கை கொடுக்கிற மாதிரி அவ்வளவு பொறுப்பாகப் பதில் சொல்வார். நான் கல்லாவில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்பேன், அக்கா சேலையிலேயே முடி ஒட்டியிருக்கும்.

2005இல் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. வெள்ளாற்றில் மணல் தெரியாத அளவுக்குத் தண்ணீர் போவதை என் வயதுக்கு அப்போதுதான் பார்த்தேன். மேற்கே ஏரி உடைந்தது என்றார்கள், உடையவில்லை உடையப் போகிறது என்றார்கள். ஒருத்தன் “சுனாமி வருதாம்” என்று கிளப்பிவிட்டான். கடலுக்கும் எங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்க ஆளில்லை, பாதித் தெரு மூட்டை கட்டிவிட்டது.

அக்காவின் பயம் வேறு. முந்தின டிசம்பரில் டி.வி.யில் சுனாமியைக் காட்டியபோது, கட்டின கயிற்றோடு செத்துக்கிடந்த ஆடு மாடுகளைப் பார்த்து அவர் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “மனுஷன் ஓடிட்டான், இது ஓட முடியாம கெடந்திருக்கு பாரு அம்மார்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் ஆற்றில் தண்ணீர் ஏற ஆரம்பித்ததுமே தயாராகிவிட்டார். பெரம்பலூர் போய்க் கூண்டு வாங்கலாம் என்றால் பஸ் ஒழுங்காக ஓடவில்லை. அரிசிக் கடையில் கோணிச் சாக்குகள் கேட்டு வாங்கினார். அலசி, அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டார். வீடெல்லாம் புகையும் சாக்கு வாடையும்.

பூனையைச் சாக்கில் போடுவது லேசா? கை நார்நாராகிவிடும். அக்கா அதற்கும் வழி வைத்திருந்தார். முதல் நாள் சாக்கு வாயில் கருவாட்டுத் தலையை வைத்தார். மறுநாள் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். பிறகு சாக்கின் அடியிலேயே வைத்தார். பூனைகள் தாமாகவே உள்ளே போய்த் தின்றுவிட்டு அங்கேயே சுருண்டு படுக்கப் பழகிவிட்டன. கலைந்து போனாலும் எது யாருடையது என்று தெரியவேண்டும் என்று, பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கழுத்தில் கட்டினார். துபாய்க்குச் சிவப்பு, குவைத்துக்குப் பச்சை, சிங்கப்பூருக்கு மஞ்சள்.

“மனுஷங்களுக்கே எங்க போறதுன்னு தெரியல, நீங்க பூனைக்கு பாஸ்போர்ட் கட்டிட்டிருக்கீங்களாக்கா” என்றேன் வாசலில் நின்று.

“சிரி, சிரி. நாளைக்கு அதோட அத்தா அம்மா வந்து கேட்டா நீயா பதில் சொல்லப் போற?” என்றார். சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

ஒருநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மைக்கில் சொல்லிவிட்டார்கள். ஆற்றுப் பக்கத்துத் தெருக்காரர்கள் உடனே கிளம்பி மேட்டிலிருக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போகவேண்டும், டிராக்டர் வருகிறது. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அடிக்கிற டிராக்டர்களில் ஒன்று மழையில் எங்கள் ஊரில் மாட்டிக்கொண்டு நின்றது, அதைத்தான் ஜமாஅத்தில் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஓட்டியவன் தங்கராசு, எறையூர்ப் பக்கத்துக்காரன். நல்ல பையன். நனைந்துகொண்டே கிழவிகளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டான்.

அக்காவும் நானும் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாக்கு வாயைப் பாவாடை நாடாவால் கட்டியிருந்தார். நாலு சாக்கு, நாலு பூனை. நான் தும்மின தும்மலில் ஒரு சாக்கைக் கீழே போட இருந்தேன். ஐந்தாவது, சிங்கப்பூர்க்காரர்களுடைய கிழட்டுக் கடுவன் பூனை, இடிச் சத்தத்துக்குப் பரணில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது. அக்கா சாக்குகளை டிரெய்லரின் ஓரத்தில் வரிசையாக வைத்து மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டார்.

“தம்பி, இதப் பாத்துக்கப்பா. ஒண்ணு மட்டும் மாட்டல. இதோ வந்துர்றேன்.”

தங்கராசு சாக்கைப் பார்த்தான். உள்ளேயிருந்து “மியாவ்” என்றது. “நான் பாத்துக்கறேன், நீங்க போங்க பாயம்மா” என்றான்.

கடுவனைப் பரணிலிருந்து இறக்குவதற்குள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. வாசலில் தெருவைக் காலி பண்ணச் சொல்லி வந்த தாலுகா ஆபீஸ் ஜீப்காரர்கள் கத்துகிற சத்தம் கேட்டது, டிராக்டர் கிளம்புகிற சத்தமும் கேட்டது. அக்கா கையில் ரத்தக் கோடுகளோடு, ஐந்தாவது சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் பின்பக்கச் சந்து வழியாக வந்தார். நான் ஒரு கையால் அவரையும் இன்னொரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மண்டபத்தில் எள் போட இடமில்லை. அக்கா கடுவனை என்னிடம் திணித்துவிட்டு மூலை மூலையாகத் தேடினார். சாக்குகள் இல்லை.

“எல்லா சாமானையும் எறக்கியாச்சு” என்றார் டிராக்டரில் வந்த ஒரு பெண். “நாலு சாக்கு மட்டும் கெடந்துச்சு, பூனை கத்துச்சு. யாருதுன்னு கேட்டேன். டிரைவரு, நான் பாத்துக்கறேன், இதுதான் என் வேலைன்னுட்டு எடுத்துட்டுப் போயிட்டான்.”

அக்காவுக்கு உயிர் வந்தது. நல்ல பையன், மழையில் போடாமல் எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறான் என்று நினைத்தார். சாயங்காலம் வரை வாசலிலேயே நின்றார். பிறகுதான் சேதி வந்தது: ஓடையில் தண்ணீர் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று தங்கராசு வண்டியோடு ஊருக்குப் போய்விட்டானாம். அதற்குப் பிறகு ஓடை ரோட்டின் மேல் ஏறிவிட்டது. எறையூர்ப் பக்கம் யாரும் போக முடியாது.

ரோடு திறக்கிற வரைக்கும் மண்டபத்தில் அக்கா பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், தொழுவார், மறுபடியும் ஜன்னல். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே மாட்டார். “சாக்கு வாயி இறுக்கிக் கட்டிட்டேனே அம்மார், அவுத்து விட்டிருப்பானா? தண்ணி வச்சிருப்பானா?” இதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். ஆற்றுப் பக்கச் சுவர் இடிந்து அவர் வீட்டு அடுப்படி விழுந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். “அப்படியா” என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார். பக்கத்தில் ஒருத்தி, “என் பிரிட்ஜே போச்சு, இவளுக்குப் பூனைதான் பெரிசு” என்றாள். அந்த பிரிட்ஜை வாங்கி அனுப்பிய அவள் மகன் வீட்டுப் பூனையும் அந்த நாலில் ஒன்று. சிவப்புத் துணி. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அக்கா கையைப் பிடித்து அழுத்திவிட்டார்.

தண்ணீர் இறங்கிய அன்றைக்கே என் மொபெட்டில் எறையூர் போனோம். ரோடு எது, சேறு எது என்று தெரியவில்லை. தங்கராசு அவன் தெரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

“வாங்க பாயம்மா. உங்க வேல முடிஞ்சுது. ஓடையத் தாண்டி, கரும்புக் கொல்லைக்கு நடுவால கொண்டாந்து அவுத்து விட்டுட்டேன். ஒண்ணும் திரும்பி வராது, கவலப்படாதீங்க.”

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் விஷயம் புரிந்தது. எங்கள் பக்கம் பூனையைச் சாக்கில் கட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். தொல்லை பண்ணுகிற பூனையை வழி பார்க்க முடியாதபடி சாக்கில் போட்டு, ஆற்றையோ ஓடையையோ தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். தண்ணீர் தாண்டின பூனைக்கு வழி தெரியாது என்பது பேச்சு. எங்கள் தெருவிலும் செய்திருக்கிறார்கள். அக்காவுக்கு வாழ்நாளில் ஒரு பூனையையும் விரட்ட வேண்டி வந்ததில்லை. அதனால் அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை.

“கழுத்துல துணி கட்டியிருந்தேனேப்பா” என்றார் அக்கா.

“ஏதோ நேர்த்திக்கடன்னு நெனச்சேங்க. அவுக்காமத்தான் விட்டேன்.”

“அறிவிருக்காடா உனக்கு? ஒரு வார்த்த கேக்க மாட்டியா?” என்று நான் கத்தினேன். டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தங்கராசு என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. “பாயம்மா, சத்தியமா உங்களுக்கு ஒத்தாசன்னு நெனச்சுத்தான்…”

“அவன ஏசாத அம்மார்” என்றார் அக்கா. “தம்பி, அந்த எடத்தக் காட்டு.”

கரும்புக் காட்டில் பூனையைத் தேடியிருக்கிறீர்களா? ஆள் உயரத்துக்கு மேலே வெட்டுக்கு நிற்கிற கரும்பு. கீழே முழங்கால் சேறு. தோகை கண்ணைக் கிழிக்கும். அக்கா புர்காவை மடித்துச் செருகிக்கொண்டு வரப்பு வரப்பாக “பூசு, பூசு” என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். தினமும் போனோம். பூத்தை என் மனைவி பார்த்துக்கொண்டாள். தங்கராசும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தான். இரண்டாம் நாள் ஒரு மோட்டார் கொட்டகையில் இரண்டு பூனைகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அக்காவைப் பார்த்ததும் கத்து கத்தென்று கத்தின. மறுநாள் முள்வேலியில் ஒரு பச்சைத் துணி கிடைத்தது. அறுந்த துணி மட்டும்தான், பூனை இல்லை. அக்கா அதை முகத்தில் அழுத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “அஸ்ரினுக்கு நான் என்னா சொல்லுவேன், யா அல்லா, என்னா சொல்லுவேன்” என்று அழுதார். நானும் தங்கராசும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றோம்.

சிவப்புத் துணிப் பூனை கிடைக்கவே இல்லை. போன் லைன் சரியானதும் அக்கா துபாய்க்குப் பேசினார். அந்த பிரிட்ஜ்காரியின் மருமகள், “போவுது விடுங்கக்கா, பூனைதானே” என்று சொல்லிவிட்டு வெங்காய விலை கேட்டார். அக்கா ரிசீவரை வைத்துவிட்டு என் பூத்தின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அவங்க விட்டுட்டாங்க. நான் எப்படி விடுறது?” என்றார்.

வியாழக்கிழமை தங்கராசு ஓடி வந்தான். ஆலை எடைமேடைப் பக்கத்துக் கொட்டகையில், பாதி முகம் கறுப்பாக ஒரு பூனையைப் பார்த்தானாம். மொபெட்டை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கொட்டகையில் கரும்பு வெட்ட வந்த கூலிக் குடும்பங்கள் தங்கியிருந்தன. ஓடைக் கரையில் தோகையால் குடிசை போட்டிருந்தார்களாம், ஒரே மதியத்தில் எல்லாம் போய்விட்டது. சட்டி பானை, துணிமணி, அரிசி எதுவும் மிஞ்சவில்லை. ஓரத்தில் ஒரு சின்னப் பெண் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பட்டு.

“பட்டு!” என்றார் அக்கா. பூனை நிமிர்ந்து பார்த்தது. ஆனால் எழுந்து வரவில்லை. அந்தப் பெண்ணின் மடியில் சுகமாகத்தான் படுத்திருந்தது.

பெண்ணின் பெயர் ஜெயசித்ரா. அவள் அம்மா கொளஞ்சி எழுந்து வந்தாள். “தண்ணி வந்த அன்னிக்கு இதுவும் நனைஞ்சுக்கிட்டு எங்ககூட மேட்டுல ஏறுச்சு பாயம்மா. அன்னியிலேருந்து இது ரெண்டும் பிரியாது. புள்ளைக்கு ஜுரம். பூனை இல்லாட்டி ஒரு வாய் கஞ்சி குடிக்க மாட்டேங்குறா. இது உங்களுதா?”

“என்னுது இல்லம்மா. அடுத்தவங்களுது” என்றார் அக்கா.

அந்தப் பெண் பூனையை இறுக்கிக்கொண்டாள். அழவில்லை. எங்களை முறைத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“விட்டுட்டு வாங்கக்கா. அஸ்ரினுக்கு அவங்க அத்தா கடையில வேற பூனை வாங்கிக் குடுப்பாரு. இதுங்களுக்கு வூடே இல்ல.”

“எனக்குக் கண்ணு இல்லியா அம்மார்? என்னுதா இருந்தா இந்த நிமிஷமே குடுத்துருவேன். அடுத்தவங்க அமானிதத்த எடுத்து நான் எப்படி தர்மம் பண்றது?” சொல்லும்போதே அவர் வாய் கோணியது. “கேட்டுட்டுத்தான் குடுக்கணும். நாளைக்கு அந்தப் புள்ள பேசும். கேக்குறேன்.”

திரும்பிப் போய் ஜெயசித்ராவின் முன்னால் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“கண்ணு, இது ஒரு அக்காவோட பூனை. தூர தேசத்துல இருக்கா. நாளைக்கு அவகிட்ட உனக்காகக் கேக்குறேன். சரின்னா நாளன்னிக்குக் காலையில கொண்டாந்து உங்கிட்டயே குடுத்துர்றேன்.”

“வருவீங்களா?” என்றாள் அந்தப் பெண். அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

“இன்ஷா அல்லா வருவேன்.”

“அப்படின்னா?”

“அல்லா நாடினா வருவேன்னு அர்த்தம்.”

“வருவீங்களா, மாட்டீங்களா?”

அக்கா அவள் கையைப் பிடித்தார். “வருவேன்” என்றார்.

பூனையை வாங்கும்போது அந்தப் பெண்ணின் விரல்களை அவள் அம்மா ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. நான் தும்மிக்கொண்டே ஓட்டினேன்.

மறுநாள் குவைத்திலிருந்து போன் வந்தது. பட்டு இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. சாக்கு, தங்கராசு, கரும்புக்காடு, கொட்டகை எல்லாம் சொன்னார். ரிசீவரிலிருந்து அஸ்ரினின் குரல் எனக்கும் கேட்டது.

“அந்தப் புள்ளைக்கு வூடு இல்லியா பெரியம்மா?”

“இல்லம்மா. தண்ணியில போயிருச்சு.”

“அப்ப பட்டு அங்க எதுல படுத்துக்கும்?”

“அவ மடியிலதான்.”

“எனக்குத் தர மனசில்ல பெரியம்மா” என்றாள் அஸ்ரின். விசும்பல் கேட்டது. “ஆனா குடுத்துருங்க. அதுக்கு முள்ளு எடுத்துட்டுத்தான் மீன் குடுக்கணும்னு சொல்லிருங்க.”

அக்கா ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். மழை தொடங்கிய நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். பட்டுவுக்குப் புதிதாக ஒரு பச்சைத் துணி. அந்தப் பெண்ணுக்கு ஒரு கம்பளி, ஜுர மாத்திரை, தூக்கு நிறையக் கஞ்சி. எடைமேடைக் கொட்டகை காலியாக இருந்தது. அடுப்புக் கல் மட்டும் கிடந்தது. ஆலை வாட்ச்மேன் செல்லமுத்து கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“அவங்களா? கொல்லையில தண்ணி நிக்குது, இப்போதைக்கு வெட்டு இல்லன்னுட்டாங்க. ஆள் கூட்டியாந்த மேஸ்திரி நேத்து சாயங்காலமே லாரியில ஏத்திட்டுப் போயிட்டாருங்க.”

“எந்த ஊருக்கு?” என்றேன்.

“விருத்தாசலம் பக்கம்னு பேசிக்கிட்டாங்க. சரியாத் தெரியல.” துடைப்பத்தை ஊன்றி நின்றார். “அதுல ஒரு பொம்பளப் புள்ள, லாரியில ஏறவே மாட்டேன்னு ஒரே அழிச்சாட்டியம். நாளைக்குப் பாயம்மா பூனை கொண்டாரும், இங்கதான் இருப்பேன்னுச்சு. அப்பங்காரன் ரெண்டு அடி போட்டுத் தூக்கி உள்ள வீசுனான்.”

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூடைக்குள் பட்டு கத்தியது. கஞ்சித் தூக்கு சாய்ந்து கொட்டியது, அவர் பார்க்கவில்லை. “இன்ஷா அல்லாவ விட்டுட்டு வருவேன்னு சொன்னேனே அம்மார். புள்ளைகிட்ட வாக்கு குடுத்துட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை எழுப்பி மொபெட்டில் உட்காரவைக்க எனக்கும் செல்லமுத்துவுக்கும் பெரும்பாடாகிவிட்டது.

விருத்தாசலத்தில் போய்த் தேடினோம். அங்கே கோயில் கொண்டிருக்கிற சாமி கொளஞ்சியப்பர். தெருவுக்கு நாலு கொளஞ்சி இருக்கிறார்கள், ஆணில் பாதி, பெண்ணில் பாதி. எந்தக் கொளஞ்சி என்று கேட்டால் நாங்கள் என்ன சொல்வது? அடுத்த வருஷம் வெட்டு ஆரம்பித்ததும் ஆலையில் அந்த மேஸ்திரியைப் பிடித்தோம். “அந்தக் குடும்பம் இப்ப எங்கிட்ட இல்லீங்க. செங்கச் சூளைக்குப் போயிருச்சுன்னு கேள்வி. எந்த ஊரு சூளையோ” என்றார்.

இதற்கிடையில் அப்துல் ஹாதி குடும்பம் லீவில் வந்தது. அஸ்ரின் பட்டுவைத் தூக்கி வைத்துக் கொஞ்சினாள். குவைத்துக்குத் திரும்பும்போது, “இது என்னுது இல்ல பெரியம்மா, நான் குடுத்துட்டேன்ல” என்று அக்கா கையில் கொடுத்தாள். அப்துல் ஹாதி என்னிடம், “பூனைய உங்க அக்காவையே வச்சுக்கச் சொல்லுங்க, விட்டுத் தள்ளுங்க” என்றார். அக்காவிடம் சொன்னேன். “நான் எப்படி வச்சுக்கிறது? இது இப்ப ஜெயசித்ராவோட அமானிதம்” என்றார். புதுப் பூனை யார் கொண்டுவந்தாலும் வாங்குவதில்லை. சிங்கப்பூர்க்காரர்களும் மற்றவர்களும் வந்து அவரவர் பூனையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் பட்டு மட்டும்தான்.

இந்த வருஷமும், 2007இல், வெட்டு தொடங்கியதும் ஆலைக்குப் போனோம். புதிது புதிதாகக் கூலிக் குடும்பங்கள் வந்து குடிசை போட்டுக்கொண்டிருந்தன. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குடிசையாகக் குனிந்து பார்த்தார். ஜெயசித்ரா என்று கேட்டதற்கு ஒருத்தி வந்து நின்றாள். பாவாடை தாவணி போட்ட பெரிய பெண், அவள் இல்லை. அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது, “பூனைக்கு வயசாவுதுக்கா, இன்னும் எத்தன வருஷம் இப்படித் தூக்கிட்டு அலையப் போறீங்க” என்றேன்.

“பூனைய விடு. அந்தப் புள்ளையும் வளந்துக்கிட்டுத்தானே இருக்கும்? எதுக்கால வந்தாக்கூட எனக்கு அடையாளம் தெரியாதே அம்மார்” என்றார். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது. “பாயம்மா வரல, பொய் சொல்லிட்டான்னு அது மனசுல நின்னிருக்கும். அது மட்டும் மறக்காது.”

ஊர் வந்துசேர்ந்து, கூடையை இறக்கி அக்கா கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.